வயசுக்கு வரும் பிள்ளைக்கு யார் சொல்வது: வீடா, சித்தியா, பள்ளியா, டாக்டரா, போனா?

"டீச்சர், எம் பொண்ணு அடுத்த வருஷம் ஏழாவதுங்க. எப்ப வேணாலும் ஆயிருவா. எனக்குச் சொல்ல வாயே வரல, நீங்களே கூப்பிட்டு எல்லாத்தையும் சொல்லிடுங்களேன்." பள்ளி கேட்டுக்கு வெளியே, வண்டியை அணைக்காமலே நின்று ஒரு அம்மா என்னிடம் கேட்டார். அதே வாரம் இன்னொரு அம்மா தலைமை ஆசிரியர் அறைக்கு வந்து, "பத்தாவது பசங்களுக்கு அந்த டீச்சர் என்ன நடத்துறாங்க? வீட்ல வந்து என்னென்னமோ கேக்குறான்" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். இருவர் மேலும் எனக்குக் கோபம் இல்லை. இருவருக்கும் பயம் ஒன்றுதான், சொல்ல வேண்டியதை யார் எப்படிச் சொல்வது என்று தெரியாத பயம்.

திருப்பூர் பக்கம் அரசுப் பள்ளியில் 20 வருடத்துக்கு மேல் அறிவியல் நடத்துகிறேன். இந்தக் கேள்வி ஒவ்வொரு ஜூன் மாதமும் வரும். வீட்டில் சொல்வதா, பள்ளியிடம் விடுவதா, டாக்டரிடம் கூட்டிப்போவதா, புத்தகம் வாங்கிக் கொடுத்துவிடலாமா, இல்லை காலம் வந்தால் தானாகத் தெரிந்துகொள்ளும் என்று விட்டுவிடலாமா? கடைசியாகச் சொன்னதை நான் ஒரு வழியாகவே எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் இன்றைக்குத் தானாகத் தெரிந்துகொள்வது என்றால் போனில் தெரிந்துகொள்வது என்றுதான் அர்த்தம்.

எனக்கு 1989இல், 12 வயதில் ஆனது. வீட்டுக்குப் பின்னால் மாமா பச்சை ஓலையில் குடிசை கட்டினார். அதற்குள் ஒரு உலக்கை, கொத்து வேப்பிலை, எனக்கென்று தனித் தட்டு. காலையில் வெறும் வயிற்றில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றி, மேலே நல்லெண்ணெய் விட்டுக் குடிக்கச் சொன்னார்கள். பதினோராம் நாள் ஊரையே கூப்பிட்டுச் சீர் வைத்து, பந்தல் போட்டு, மைக் செட் கட்டிக் கொண்டாடினார்கள். இவ்வளவு பேருக்கும் தெரிந்த விஷயத்தை எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. உள்ளே ஏதோ புண் ஆகிவிட்டது, செத்துவிடுவேன் என்றே முதல் இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு ஓலைக்குப் பதில் மண்டபமும் பிளெக்ஸ் பேனரும் வந்துவிட்டன. பேனரில் சிரிக்கிற பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்கு என்ன நடந்திருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பிள்ளைகள் இன்னமும் விழிக்கிறார்கள். பையன்களுக்கு அந்தப் பந்தல்கூட இல்லை.

## எதை வைத்து எடைபோடுவது

ஒவ்வொரு வழியையும் பார்க்கும் முன் எதைப் பார்க்கிறோம் என்று முடிவு செய்துகொள்ளலாம். சொல்கிற தகவல் சரியா என்பது ஒன்று. சரியான வயதில் வருகிறதா என்பது இன்னொன்று. பெண் குழந்தைக்கு 8 முதல் 13 வயதுக்குள், பையனுக்கு 9 முதல் 14 வயதுக்குள் உடம்பு மாற ஆரம்பிக்கும். பெண்ணுக்கு மார்பு அரும்ப ஆரம்பித்ததிலிருந்து ஏறக்குறைய 2 வருடத்தில் முதல் மாதவிடாய் வரும். அதனால் "பத்தாவது போகட்டும் பாத்துக்கலாம்" என்பது நாலைந்து வருடம் தாமதம். பிள்ளை சொன்னது எங்கே வரைக்கும் போகும், ரகசியமாக இருக்குமா என்பது மூன்றாவது. யாராவது தப்பாகத் தொட்டாலோ மிரட்டினாலோ அந்த வழி பிள்ளையைக் காப்பாற்றுமா என்பது நான்காவது.

இவை எல்லாவற்றையும் விட நான் பெரிதாக நினைப்பது ஒன்று உண்டு: பிள்ளை திரும்பி வந்து இரண்டாவது கேள்வியைக் கேட்க முடியுமா? முதல் தடவை நாம் சொல்வதைப் பிள்ளை பாதிதான் கேட்கும், தரையைப் பார்த்துக்கொண்டு எப்போது முடியும் என்று காத்திருக்கும். ஆறு மாதம் கழித்து உண்மையான சந்தேகம் ஒன்று வரும். அந்த நேரம் எங்கே போகும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆகவே யார் அழகாகச் சொல்கிறார்கள் என்று பார்க்காமல், யாரிடம் மறுபடி போவார்கள் என்று பாருங்கள்.

இன்னொரு பயத்தையும் இங்கேயே பேசிவிடுகிறேன். "சொல்லிக் கொடுத்தா அதையே செஞ்சு பாக்கத் தோணும்ல?" இதைக் கேட்காத பெற்றோரே இல்லை. யுனெஸ்கோ 2018இல் திருத்தி வெளியிட்ட பாலியல் கல்வி வழிகாட்டி, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துவிட்டுத் தெளிவாகச் சொல்கிறது: இப்படிக் கற்றுக்கொடுப்பதால் பிள்ளைகள் சீக்கிரம் உடலுறவில் இறங்குவதில்லை, சில இடங்களில் தள்ளிப்போடவே செய்கிறார்கள்.

## வீட்டில், அம்மாவோ அப்பாவோ

பலன் அதிகம் உள்ள வழியும் இதுதான், நாம் ரொம்பத் தள்ளிப்போடுகிற வழியும் இதுதான். வயதுக்கு ஏற்றபடி கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல வீட்டால் மட்டும்தான் முடியும். நாலு வயதில் உறுப்புகளின் பெயர், ஒன்பதில் மாதவிடாய், பதினொன்றில் குழந்தை எப்படி உருவாகிறது, பதினான்கில் காதல், சம்மதம், போன், சட்டம். ஒரே நாளில் உட்கார வைத்துப் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை.

முதல் தடங்கல் வார்த்தைதான். நம் மொழியில் இந்த உறுப்புகளுக்கு ஒரு பக்கம் கெட்ட வார்த்தை, மறு பக்கம் பாடப்புத்தக வார்த்தை, நடுவில் குழந்தைக்குச் சொல்லும் செல்லப் பெயர், அவ்வளவுதான். என் அனுபவத்தில் ஆணுறுப்பு, விரை, பெண்ணுறுப்பு, கருப்பை, மார்பு என்று புத்தக வார்த்தையையே கூச்சம் போகிற வரை வீட்டில் பழக்கிவிடுவது நல்லது. பெயர் தெரியாத பிள்ளையால் தனக்கு என்ன நடந்தது என்று சொல்ல முடியாது. "அங்க தொட்டாரு" என்று மட்டும் சொன்ன ஒரு சின்னப் பெண்ணிடம், எங்கே என்று கேட்டு மூன்று பேர் மாற்றி மாற்றித் துருவியதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் என் வீட்டிலும் பெயர் சொல்லப் பழகினேன்.

இரண்டாவது தடங்கல் முகம். நேருக்கு நேர் உட்கார்ந்தால் இருவருக்குமே வராது. என் மகளிடம் நான் பேசியதெல்லாம் தலை பின்னும்போதுதான். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பாள், என் கையில் சீப்பு, அவள் வாயில் ரிப்பன், இருவருமே முகம் பார்க்க வேண்டாம். வகிடு எடுத்து இரட்டைப் பின்னல் போட்டு முடிக்க எனக்குப் பத்து நிமிடம் ஆகும், ஒரு விஷயத்துக்கு அது போதும். கூச்சமாக இருந்தால் தலையை அசைக்காமல் "ம்" என்பாள். இன்னும் கேட்க வேண்டியிருந்தால் "அப்புறம்?" என்பாள். மகனிடம் என் வீட்டுக்காரர் வண்டியில் போகும்போது பேசினார், பையன் பின்னால், அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு. ஒரே அறை வீடு, மாமியார், நாத்தனார் எல்லோரும் கூட இருக்கிற வீடு என்றாலும் இந்த இரண்டு இடமும் எல்லோருக்கும் கிடைக்கும்.

இனி மறைந்திருக்கும் விலை. நமக்கே தப்பாகத் தெரிந்திருப்பதை அப்படியே கடத்திவிடுவோம்: தீட்டு நேரத்தில் ஊறுகாயைத் தொட்டால் கெட்டுவிடும், வெள்ளைப்பட்டால் எலும்பு உருகுகிறது, இப்படி. கொஞ்சம் வெள்ளைப்படுதல் வளர்கிற பெண்ணுக்கு இயல்பு. நாற்றம், அரிப்பு, நிறமாற்றம் இருந்தால்தான் டாக்டர். அடுத்தது இன்னும் பெரிது. பிள்ளை நம்பிச் சொன்னதைப் பிறகு ஒரு நாள் கோபத்தில் எடுத்துத் திட்டிவிட்டால் ("இதுக்குத்தான் அன்னிக்கு அதைக் கேட்டியா?") அந்தக் கதவு அன்றோடு சாத்திக்கொள்ளும், மறுபடி திறக்க வருடக்கணக்கில் ஆகும். நானும் ஒரு தடவை இப்படிச் செய்துவிட்டேன். என் மகள் ஒரு வருடத்துக்கு மேல் என்னிடம் எதையும் கேட்கவில்லை.

கத்தாமல் பேச முடிகிறவர் ஒருவராவது வீட்டில் இருந்தால் இதைவிட நல்ல வழி கிடையாது. அடி, குடி, சந்தேகம் இருக்கிற வீட்டில் பிள்ளை நம்மிடம் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம், அங்கே வேறு ஒருவர் கட்டாயம் வேண்டும்.

## சித்தி, அத்தை, மாமா, அண்ணி

இந்த வழியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, ஆனால் நம் குடும்பங்களில் காலம் காலமாக வேலை செய்தது இதுதான். அம்மாவிடம் கேட்க முடியாததைச் சித்தியிடம் கேட்கலாம், அப்பாவிடம் பேச முடியாததை மாமாவிடம் பேசலாம். அவர்களுக்குப் பெற்றோரின் அதிகாரம் இல்லை, ஆனால் பாசம் இருக்கிறது, வயதும் பத்துப் பதினைந்துதான் அதிகம். என் அக்கா மகளுக்கு ஒன்பது வயதில் மாதவிடாய் பற்றிச் சொன்னது நான்தான், அக்காவே கேட்டுக்கொண்டதால். இன்று அவள் கல்லூரியில் படிக்கிறாள், இன்னமும் வாட்ஸப்பில் கேள்வி வரும்.

ஆனால் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அத்தைக்கு ஒரு பையன் இருந்து, அவன் முறைப்பையன் என்றால், நாளைக்கு மாமியாராகக்கூடிய ஒருவரிடம் பெண் மனம் விட்டுப் பேசுவாளா? அப்படியே பேசினாலும் அது சொந்தத்துக்குள் பேச்சாகிவிடும். எங்கள் பக்கம் நான் சித்தியைத்தான் சொல்வேன், அல்லது கல்யாணமாகி வந்த அண்ணியை. யாரிடம் சொன்ன ரகசியம் போன தடவை மூன்றே நாளில் வீடு வந்து சேர்ந்தது என்று உங்களுக்கே தெரியும், அவரை விட்டுவிடுங்கள்.

இன்னொன்றைப் பளிச்சென்று சொல்ல வேண்டியிருக்கிறது. மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்ட குழந்தைகளில் 53 சதவீதத்துக்கு மேல் ஏதோ ஒரு வகைப் பாலியல் சீண்டலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். பையன்களும் பெண்களுக்குக் குறையாமல் சொன்னார்கள். சீண்டியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், குழந்தை நம்பியவர்கள். அதனால் உடல் பாதுகாப்பு, அதாவது யார் எங்கே தொடக்கூடாது, யாராக இருந்தாலும் "வேண்டாம்" என்று சொல்லலாம், ரகசியமாக வைத்துக்கொள் என்று பெரியவர் சொன்னால் உடனே வந்து சொல்ல வேண்டும் என்பதை மட்டும் சொந்தக்காரரிடம் ஒப்படைக்காதீர்கள். அதைப் பெற்றவர்களே சொல்லுங்கள், அதில் மாமா, தாத்தா, வாத்தியார் என்று விதிவிலக்கு எதுவும் வைக்காமல்.

## பள்ளி

பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் வரலாறு தெரிந்துகொள்ள வேண்டும். 2005 வாக்கில் மத்திய அரசும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் பள்ளிகளுக்கு வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தன. 2007இல் மகாராஷ்டிரம், குஜராத், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் உட்படப் பல மாநிலங்கள் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்று அதை நிறுத்தின. 2009இல் மாநிலங்களவை மனுக்கள் குழுவும் பள்ளியில் பாலியல் கல்வி வேண்டாம் என்றே அறிக்கை கொடுத்தது. பிறகு 2020 பிப்ரவரியில் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ் பள்ளி நலத் திட்டம் வந்தது. ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வளர்ச்சி, மனநலம், போதை, இனப்பெருக்க நலம், எச்ஐவி தடுப்பு என்று 11 தலைப்பில் வாரா வாரம் வகுப்பு எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. காகிதத்தில் நல்ல ஏற்பாடு. நடக்கிற இடத்தில் நன்றாகவே நடக்கிறது, நடக்காத இடத்தில் அந்தப் பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்கிறார்.

பாடப்புத்தகத்தில் இல்லாமல் இல்லை. எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவம் வருகிறது, பத்தாவதில் இனப்பெருக்கம் வருகிறது. "இத நீங்களே வீட்ல படிச்சுக்கங்க, பரீட்சைல படம் மட்டும் வரும்" என்று தாண்டிப்போன ஆசிரியர்கள் உண்டு, முதல் மூன்று வருடம் நானும் அப்படித்தான் தாண்டிப் போனேன்.

பள்ளியின் பெரிய நன்மை, எல்லோரும் ஒன்றாகக் கேட்கிறார்கள் என்பது. "எனக்கு மட்டும்தான் இப்படி" என்கிற நினைப்பு அங்கே உடைகிறது. ஒரு அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு வகுப்பில் வைத்தேன், பெயர் எழுதாமல் கேள்வி போடலாம். பெண்கள் பெட்டியில் வந்த ஒரு சீட்டு: "ஒரு பக்கம் மட்டும் பெருசா இருக்கு, கேன்சரா மிஸ்?" பையன்கள் பெட்டியில், நாலாக மடித்து, மேலே ஸ்டேப்ளர் அடித்து: "எனக்கு மார்பு வீங்குது. நான் பொண்ணா மாறிடுவேனா?" இரண்டுமே வளர்கிற வயதில் சாதாரணம். பையனுக்கு வருவது ஹார்மோன் ஏற்ற இறக்கத்தால், பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் தானாக அடங்கிவிடும். இதை வகுப்பில் சொன்னதும் கடைசிப் பெஞ்சில் ஒரு பையன் நீளமாக மூச்சு விட்டான், அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. எத்தனை மாதமாக அதைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, பிடி பீரியடில் பனியனோடு ஓட வராமல் ஒதுங்கி நின்றானோ.

பள்ளி வழியின் மறைந்த விலை என்னவென்றால், பல இடங்களில் இது வருடத்துக்கு ஒரு நாள் நிகழ்ச்சியாக முடிந்துவிடுகிறது. பெண்களை மட்டும் ஹாலில் உட்கார வைத்து நாப்கினைப் பற்றிப் பேசுவார்கள், பையன்களை கிரவுண்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, மறுநாள் அதை வைத்தே பெண்களைக் கேலி செய்வார்கள். நானூறு பேர் ஹாலில் யார் எழுந்து சந்தேகம் கேட்பார்கள்? பள்ளியை நம்புவது என்று முடிவு செய்தால் இதை விசாரியுங்கள்: வருடத்துக்கு எத்தனை வகுப்பு, பையன்களும் உண்டா, கேள்வி கேட்க வழி என்ன, நடத்துபவர் பள்ளி ஆளா இல்லை ஒரு நாள் வந்து போகிறவரா? காசு வாங்கிக்கொண்டு வெளி ஆளைக் கூட்டிவரும் தனியார் பள்ளி என்றால் கடைசிக் கேள்வியை இரண்டு தடவை கேளுங்கள். ஒரு நாள் வந்து போகிறவரிடம் இரண்டாவது கேள்வி கேட்க முடியாது.

## டாக்டர், ஆலோசனை மையம்

தகவல் சுத்தமாக இருக்கும் என்பதில் இதற்கு மேல் வழி இல்லை. 10 முதல் 19 வயதுக்காரர்களுக்கென்றே மத்திய அரசு 2014 ஜனவரியில் ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதன் கீழ் அரசு மருத்துவமனைகளில் வளரிளம் பருவத்தினருக்கான ஆலோசனை மையங்கள் உண்டு, செலவில்லை. பக்கத்தில் எங்கே என்று அரசின் மருத்துவ உதவி எண் 104க்குப் போன் செய்து கேட்கலாம். எச்ஐவி சந்தேகம் என்றால் அரசு மருத்துவமனையில் அதற்கான ஆலோசனையும் பரிசோதனையும் செய்யும் நம்பிக்கை மையம், போனில் என்றால் எய்ட்ஸ் உதவி எண் 1097. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும்தான் இந்தியாவில் எச்ஐவியை முதலில் கண்டுபிடித்தார்கள். "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று விழிப்புணர்வு விளம்பரமாகத் தெருச் சுவரெல்லாம் எழுதி ஊரையே பேச வைத்ததும் இதே மாநிலம்தான். பேசவே முடியாத சமூகம் என்று நம்மை நாமே நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சில நேரம் டாக்டரைத் தவிர வேறு யாரிடமும் போகக்கூடாது. பெண்ணுக்கு 8 வயதுக்கு முன்பே மாற்றம் ஆரம்பித்தாலோ, 13 வரை ஒரு அறிகுறியும் இல்லை என்றாலோ, 15 ஆகியும் மாதவிடாய் வரவில்லை என்றாலோ. பையனுக்கு 9க்கு முன்பே ஆரம்பித்தாலோ, 14 வரை ஒன்றும் இல்லை என்றாலோ. ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேடு நனைகிற அளவு போனாலோ. கோயிலுக்கு நேர்ந்துகொள்வது உங்கள் இஷ்டம், டாக்டரிடமும் போங்கள்.

மறைந்த விலை இரண்டு. ஒன்று, கல்யாணமாகாத பெண் மகப்பேறு டாக்டர் வாசலில் உட்கார்ந்தால் ஊர் என்ன சொல்லும் என்கிற பயம். இதற்கு ஒரு நல்ல வழி தடுப்பூசி. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான எச்பிவி ஊசியை 9 முதல் 14 வயதுக்குள் போடுவதுதான் சிறப்பு. அந்த ஊசிக்கென்று கூட்டிப்போங்கள், போன இடத்தில் "பாப்பா ஏதாவது கேக்கணும்னா கேக்கட்டும், நான் வெளிய இருக்கேன்" என்று எழுந்து வந்துவிடுங்கள். நாம் எழுந்து வெளியே வருவதுதான் முக்கியம்.

இன்னொன்று சட்டம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழே இருப்பவரின் சம்மதம் சம்மதமே இல்லை. 16 வயதுப் பெண்ணும் 17 வயதுப் பையனும் காதலித்து எல்லை தாண்டியிருந்தாலும் குற்றம்தான். தெரிய வந்தவர் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். டாக்டர், ஆசிரியர் யாருக்கும் விலக்கு இல்லை, சொல்லாவிட்டால் தண்டனை உண்டு. கருவைக் கலைக்க வரும் சிறுமியும் குடும்பத்தாரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குத் தெரிவிக்கும்போது பெயர் விவரத்தை டாக்டர் வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் சொன்னது. பயந்து நாட்டு மருந்து, கடை மாத்திரை என்று உயிரை விடும் பிள்ளைகளுக்கு அது பெரிய ஆறுதல். நான் என் வகுப்பில் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவேன்: "சந்தேகம் எதை வேணா கேளுங்க, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா உங்களுக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா நான் சொல்லித்தான் ஆகணும்." இதை மறைத்துப் பேச வைத்துவிட்டுப் பிறகு போலீசுக்குப் போவது பிள்ளைக்குச் செய்கிற துரோகம்.

## புத்தகம், யூடியூப், போன்

இதற்கு ஒரே நன்மை, யாருக்கும் தெரியாமல் கேட்கலாம். அது சின்ன நன்மை இல்லை. கூச்சத்தில் செத்துவிடும் பிள்ளைக்கு அது உயிர். தமிழில் டாக்டர்கள் நிதானமாகப் பேசும் வீடியோக்கள் இருக்கின்றன. ஆனால் அதே பக்கத்தில் அடுத்த வீடியோவாக என்ன வந்து நிற்கும் என்பது நம் கையில் இல்லை.

பையன்கள்தான் இங்கே அதிகம் மாட்டுகிறார்கள். ஒன்பதாவது படித்த ஒரு மாணவன், நல்ல கபடி ஆட்டக்காரன், திடீரென்று விளையாட வரவில்லை, மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. எங்கள் பிடி வாத்தியார் பத்து நாள் விடாமல் கூட நடந்து பேசியபோதுதான் வெளியே வந்தது. தூக்கத்தில் விந்து வெளியேறியிருக்கிறது. "விந்து விட்டான் நொந்து கெட்டான்" என்று யாரோ பெரியவர் சொன்னது காதில் இருந்திருக்கிறது. போனில் தேடினால் நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக் குறைவு என்று விளம்பரம். அண்ணனிடம் வாங்கிய பணத்தில் ஏதோ லேகியம் தபாலில் வரவழைத்து, புத்தகப் பையில் வைத்து மூன்று மாதம் தின்றிருக்கிறான். விந்து உடம்பில் ஓயாமல் உற்பத்தியாவது, நிறைந்தது தூக்கத்தில் வழிவது இயல்பு, அதனால் ரத்தமோ பலமோ குறையாது. இந்த ஒரு வரியை அவன் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது யாராவது சொல்லியிருந்தால் போதும்.

ஆபாசப் படம் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பிள்ளைக்கு அதில் சம்மதம் என்பதே இல்லை என்று யார் சொல்வது? படம் அனுப்பச் சொல்லி மிரட்டுகிறவனிடம் மாட்டிக்கொண்டால் யாரிடம் போவது? போன் கொடுக்கும் அன்றே ஒரு வாக்கும் கொடுத்துவிடுங்கள்: "எந்தத் தப்பு நடந்திருந்தாலும் வந்து சொல்லு, போனைப் பிடுங்க மாட்டேன்." போன் போய்விடும் என்கிற பயத்திலேயே பல பிள்ளைகள் மிரட்டலைச் சகித்துக்கொண்டிருக்கிறார்கள். துணைக்கு வைத்துக்கொள்ள நல்ல வழி, தனியாக இதை மட்டும் நம்பக்கூடாது.

## யாருக்கு எது

| நிலைமை | முதலில் யார் | கூடவே |
|---|---|---|
| 8, 9 வயதுப் பெண், இன்னும் ஆகவில்லை | அம்மா | பள்ளிப் பையில் ஒரு பேடு, ஒரு உள்ளாடை |
| 11, 12 வயதுப் பையன் | அப்பா, முடியாவிட்டால் மாமா | தூக்கத்தில் விந்து வெளியேறுவது பற்றி முன்கூட்டியே |
| அம்மா இல்லாத பெண் | சித்தி அல்லது அண்ணி | பள்ளியில் ஒரு டீச்சர், அப்பாவே கடையில் பேடு வாங்கி வைக்கட்டும் |
| விடுதிக்குப் போகும் பிள்ளை | போகும் முன் வீட்டில் | குழந்தைகள் உதவி எண் 1098 மனப்பாடம் |
| அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளை | பெற்றோரும் சிறப்பு ஆசிரியரும் | படம் காட்டி, வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப |
| காதல் தெரிய வந்துவிட்டது | பிள்ளை நம்பும் பெரியவர், கை ஓங்காதவர் | 18 வயது பற்றிய சட்டம், படிப்பை நிறுத்த மாட்டோம் என்ற உறுதி |
| தப்பான தொடுகை, மிரட்டல் | 1098, உடனே | டாக்டர், பிறகு காவல் நிலையம் |

காதல் தெரிந்ததும் பள்ளியை நிறுத்தி அவசரக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை தேடும் வீடுகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். 18க்கு முன் பெண்ணுக்குக் கல்யாணம் செய்வதும் குற்றம்தான். மானம் போய்விடும் என்று பயந்து பெண்ணைப் பிரசவ வார்டுக்கு அனுப்புகிறோம், அந்த உடம்பு இன்னும் வளர்ந்தே முடிந்திருக்காது.

ஒன்றையும் தொடங்கவில்லை, பிள்ளைக்குப் பதின்மூன்று ஆகிவிட்டது என்கிறவர்கள் பயப்பட வேண்டாம். விசைத்தறியில் வேலை பார்க்கும் ஒரு அப்பா இதே கவலையோடு வந்தார், அவருக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது. அவருக்கு ஒரே ஒரு விஷயம்தான் சொல்லி அனுப்பினேன். அவர் பையனை சலூனுக்குக் கூட்டிப்போகும்போது அதை அப்படியே சொல்லியிருக்கிறார்: "எனக்கு இதையெல்லாம் யாரும் சொல்லல கண்ணு. அதனால எனக்கும் பேச வராது. ஆனா நீ எது கேட்டாலும் திட்ட மாட்டேன். தெரியலேன்னா யார்கிட்டயாவது கேட்டாவது வந்து சொல்றேன்." பையன் "சரிங்ப்பா" என்றதோடு சரி. இவருக்கு ரொம்ப ஏமாற்றம், வேலை செய்யவில்லை என்று மறுநாளே வந்து என்னிடம் சொன்னார்.

ஒன்றரை மாதம் கழித்து, ராத்திரி ஷிப்ட்டுக்குக் கிளம்ப அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது, பையன் வாசல்படியில் வந்து நின்று கேட்டானாம், "அப்பா, என் வயசுல உங்களுக்கும் இப்படி ஆச்சா?" அன்றைக்கு ஷிப்ட்டுக்கு அரை மணி நேரம் லேட்.